தொட்டியின் அடி தெரியும் வரை

திருவரங்குளத்திலிருந்து ஆலங்குடி போகிற சாலையில் ஒரு தென்னந்தோப்புக்குள் சொர்ணத்தின் வீடு இருக்கிறது. அந்த வீட்டில் நீச்சல் குளம் உண்டு என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். உள்ளூரில் யாரும் அதை நீச்சல் குளம் என்று சொல்வதுமில்லை. பங்கிராஸ் வீட்டுத் தொட்டி என்பார்கள்.

கஜா புயலில், தோப்பில் இப்போது தொட்டி இருக்கும் பக்கத்து மரங்கள் அத்தனையும் வேரோடு சாய்ந்தன. சொர்ணத்தின் கணவர் பங்கிராஸ் அப்போது குவைத்தில் ஒரு பெரிய வீட்டில் டிரைவராக இருந்தார். பிறகு ஒரேயடியாக ஊர் திரும்பியபோது, விழுந்த இடமெல்லாம் மறுபடி கன்று வைப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பாதி இடத்தில் கன்று வைத்தார். மீதியில் குழி தோண்டச் சொன்னார். மண் அள்ளும் வண்டி வந்து நின்ற பிறகுதான் என்ன குழி என்று சொர்ணத்துக்கே தெரிந்தது.

"அங்க மொதலாளி புள்ளைங்க குளிக்கிற சத்தத்தக் கேட்டுக்கிட்டே மதிலோரமா கார்ப்பக்கம் நிப்பேன்" என்றார் பங்கிராஸ்.

சொர்ணம் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகளும் ஊராரும் அவளை டீச்சர் என்றே கூப்பிடுவார்கள். காலையில் அரிசி பருப்பை அளந்து கொடுத்து, முட்டையை எண்ணிக் கொடுத்து, பந்தி முடிந்ததும் பாத்திரம் கழுவியதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவாள். கல்யாணமான நாளிலிருந்து வீடு, தோப்பு, மகள் ஜெனிபரின் படிப்பு எல்லாவற்றையும் அவள்தான் பார்த்தாள். ஜெனிபர் படித்து முடித்து பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டாள். பங்கிராஸ் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார், பெட்டியைப் பிரிப்பார், போய்விடுவார்.

குளம் கட்டிய பிறகு சாயங்காலமானால் பங்கிராஸ் அதற்குள்தான். தண்ணீருக்கு மருந்து போடுவது, மோட்டார் ஓட்டுவது, இலை அள்ளுவது எல்லாம் அவரே. "வாயேன்" என்று கூப்பிடுவார். "வேலை கெடக்கு" என்பாள் சொர்ணம். வேலை இல்லாத நாளிலும் அதையே சொன்னாள். வீட்டில் ஒரு ஆள் புதிதாக இருப்பது அவளுக்கு இன்னும் பழகவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பாள்.

அது பழகத் தொடங்கியிருந்த ஆவணி மாதத்தில் ஒருநாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். திருச்சி ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. "இந்தா" என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. தண்ணீர் வேண்டுமென்றாலும் இந்தா, வெளிச்சம் கண்ணில் பட்டாலும் இந்தா, கோபம் வந்தாலும் இந்தா.

சொர்ணம் அழவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்கள் அவளைக் கட்டிப்பிடித்து அழுதபோது, அவர்கள் தோளில் கை வைத்துத் தேற்றி அனுப்பினாள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அவரைப் புரட்டிப் படுக்க வைத்தாள், துடைத்தாள், கஞ்சி ஊட்டினாள், பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். அவள் இல்லாத நேரத்தில் தோப்பு வேலை பார்க்கும் ஆண்டியப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் மற்றவர்கள் எழுந்தால் எழுந்தாள், முட்டி போட்டால் முட்டி போட்டாள். ஒருநாள் சாம்பார் அண்டாவின் விளிம்பு முழங்கையில் பட்டுக் கொப்பளித்திருந்தது. சமையல்கார அம்மா பார்த்துச் சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"எரியலையா டீச்சர்?"

"தெரியல" என்றாள் சொர்ணம். உண்மையாகவே தெரியவில்லை.

குளத்தை யாரும் தொடவில்லை. முதலில் பாசி பிடித்துப் பச்சையானது. பிறகு தவளை வந்தது. தென்னை மட்டை விழுந்து ஊறியது. ஜன்னலைத் திறந்தால் நாற்றம் அடித்தது, ஜன்னலை மூடி வைத்தாள்.

மாசி மாதத்தில் சந்தோஷ்குமார் என்ற பிசியோதெரபி பையன் புதுக்கோட்டையிலிருந்து வரத் தொடங்கினான். வாரத்தில் சில நாள் பைக்கில் வந்து பங்கிராசின் கை காலை நீட்டி மடக்கிவிட்டுப் போவான். ஒருநாள் கை கழுவப் பின்பக்கம் போனவன் குளத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றான்.

"அக்கா, இது வேலை செய்யுதா?"

"மோட்டார் இருக்கு. ஓட்டி ரொம்ப நாளாச்சு."

"அண்ணனுக்குத் தண்ணியில நின்னு பயிற்சி கொடுத்தா நல்லா இருக்கும்க்கா. தரையில ஒடம்பத் தாங்க மாட்டேங்குற காலு தண்ணியில தாங்கும். ஒங்க டாக்டர்கிட்ட நான் பேசுறேன். அவரு சரின்னாத்தான்." பிறகு குனிந்து தண்ணீரைப் பார்த்தான். "ஆனா இதுல எறக்க முடியாது. அழுக்குங்கிறது ஒண்ணு. அண்ணன் பாதத்த எங்க ஊணுறாரு, எப்படி மடங்குதுன்னு எனக்குக் கண்ணுல தெரியணும். அடி தெரியணும்க்கா."

"சரி" என்றாள் சொர்ணம். அந்த மாதங்களில் யார் எது சொன்னாலும் அவள் சரி என்றுதான் சொன்னாள். ஆனால் சொன்னதைச் செய்தும் விடுவாள்.

தண்ணீரை இறைத்துவிட்டுப் புதிதாக நிரப்பலாம் என்றால், போர்வெல்லில் வருகிற தண்ணீர் தென்னங்கன்றுக்கே பற்றவில்லை. இருக்கிற தண்ணீரைத்தான் தெளிய வைக்க வேண்டும். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவும்போது பிளீச்சிங் பவுடர் போடுவதும், கலங்கினால் படிகாரம் போடுவதும் அவளுக்குத் தெரியும். இரண்டையும் வாங்கி வந்தாள். ஆண்டியப்பன் மட்டையையும் செத்த தவளைகளையும் வலையால் அரித்து எடுத்தார். சொர்ணம் கரையைச் சுற்றி நடந்துகொண்டே பவுடரை அள்ளி வீசினாள். படிகாரத்தையும் இடித்துப் போட்டாள்.

மறுநாள் பச்சை போயிருந்தது. ஆனால் தண்ணீர் வெள்ளை வெளேரென்று, அரிசி களைந்த தண்ணீர் போல இருந்தது.

"என்ன டீச்சர், தொட்டியில பாலு ஊத்துனாப்புல இருக்கு" என்றார் ஆண்டியப்பன்.

நிற்க நிற்கத் தெளியும் என்று காத்திருந்தாள். தெளியவில்லை. இன்னும் கொஞ்சம் பவுடர் போட்டாள். இன்னும் வெளுத்தது. இறங்குகிற படிக்கட்டில் மேல் படி மட்டும் தெரிந்தது, அடுத்த படி மங்கல், அதற்குக் கீழே ஒன்றுமில்லை. சொர்ணம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமோ சலிப்போ வரவில்லை. தன் வீட்டுப் பின்பக்கத்தில் இப்படி ஒன்று இருக்கிறது என்பது போலப் பார்த்தாள்.

மோட்டார் அறையில் மணல் நிரப்பிய வடிகட்டி உருண்டையாக நின்றது. அதன் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் திருச்சிக் கடை ஒன்றின் நம்பர் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பந்தி முடிந்த பிறகு கூப்பிட்டாள். எடுத்தவர் பெயர் செம்மல். நீச்சல் குளத்துச் சாமான் விற்கிறவர். பங்கிராஸ் வீடு என்று சொல்லி, தொட்டிக்குப் பவுடர் போட்ட கதையைச் சொன்னாள்; அவர் நிதானமாகப் பேசினார்.

"பிளீச்சிங் பவுடரா போட்டீங்க? அதுல சுண்ணாம்புதாம்மா நெறைய. பாசி செத்துரும், சுண்ணாம்பு தண்ணியில நின்னுரும். இனிமே எதையும் போடாதீங்க. வடிகட்டி ஓடுதா?"

"ஓட்டலைங்க."

"மொத ஓட்டுங்க. அது மேல ஒரு முள்ளு இருக்கும் பாருங்க, கடிகாரம் மாதிரி. அது செவப்புல நிக்குதான்னு பாத்துச் சொல்லுங்க. தண்ணி பரிசோதிக்கிற டப்பா ஒண்ணு இருக்கணுமே, அண்ணன் வாங்கிட்டுப் போயிருக்காரு. எனக்கு அண்ணன நல்லாத் தெரியும். நல்லா இருக்காருங்களா?"

சொர்ணம் சொன்னாள். பிறகு செம்மல், "நீங்க எப்ப வேணாலும் கூப்பிடுங்கக்கா" என்றார்.

அந்த டப்பா மோட்டார் அறை அலமாரியில் இருந்தது. சொர்ணம் கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு அந்தச் சின்னக் குப்பியை நிரப்பினாள். மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டதும் குப்பித் தண்ணீர் சிவந்தது. செம்பருத்திப் பூவைக் கசக்கின மாதிரி நிறம். அது நல்லதா கெட்டதா என்று பார்க்கக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தபோது, கட்டிலில் சாய்ந்திருந்த பங்கிராஸ் பார்த்துவிட்டார்.

"இந்தா" என்றார்.

தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்துச் செம்பை எடுத்தாள். இடது கையால் செம்பைத் தள்ளிவிட்டார். குப்பியைக் காட்டினார். "இந்தா, இந்தா." தலையை ஆட்டினார், உதட்டைப் பிதுக்கினார். பிறகு இடது கையை ஜன்னல் பக்கம் நீட்டி, எதையோ சாய்த்து ஊற்றுவது போலக் காட்டினார்.

சொர்ணத்துக்கு அப்போதுதான் உறைத்தது. குளத்தை மாதக் கணக்காகப் பார்த்துக்கொண்ட மனிதர் இங்கேயே இருக்கிறார். அவருக்கு எல்லாம் தெரியும், சொல்ல மட்டும் முடியாது.

"ஆசிட்டா?" என்றாள்.

ஆமாம் என்று கண்ணை மூடித் திறந்தார்.

"எவ்வளவு? ஒரு வாளித் தண்ணியில கலக்கணுமா?"

வாயைத் திறந்து எதையோ சொல்லப் பார்த்தார். இந்தா என்றுதான் வந்தது. முகம் சுருங்கிப்போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுண்ணாம்பின் காரத்தை முறிக்க எவ்வளவு ஆசிட் என்று செம்மலிடம் கேட்டுக்கொண்டாள். வாளித் தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது, பவுடரோடு சேரவே கூடாது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சொர்ணம் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, ஆழமான பக்கத்தில் ஓரமாக நின்று கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். அதற்கு முன்பே ஆண்டியப்பனிடம் கட்டிலை ஜன்னல் ஓரமாக நகர்த்திப் போடச் சொல்லி ஜன்னலையும் திறந்து வைத்திருந்தாள். பங்கிராஸ் அங்கிருந்து பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே தண்ணீரைப் பற்றிய பேச்சு மட்டும் நடந்தது. அவள் குப்பியைக் கொண்டுவந்து காட்டுவாள். அவர் முகத்தைப் பார்ப்பாள். வடிகட்டியில் தண்ணீரை எதிர்ப்பக்கமாகப் பாய்ச்சி அழுக்கை வெளியே தள்ள வேண்டும் என்று செம்மல் சொன்னபோது, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கையிலேயே அதன் கைப்பிடியைத் திருப்பப் போனாள். மோட்டார் அறைக்கு நேரே இருந்த ஜன்னலிலிருந்து "இந்தா இந்தா இந்தா" என்று சத்தம். ஓடி வந்து மூத்திரக் குவளையை எடுத்தாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். சுவரில் இருந்த சுவிட்சைக் காட்டி விரலைக் கீழே இறக்கிக் காட்டினார்.

"மோட்டார நிறுத்திட்டுத்தான் திருப்பணுமா?"

கண்ணை மூடித் திறந்தார்.

வடிகட்டியிலிருந்து முதலில் காப்பி டிகாஷன் போல ஓடியது, பிறகு வெளுத்தது. ஆனால் குளம் தெளியவில்லை. பகலெல்லாம் மோட்டார் ஓடியும் இரண்டாவது படி மட்டும் கொஞ்சம் புலப்பட்டது. செம்மல் கேட்டுவிட்டு, மணல் கெட்டியாகியிருக்கும், திறந்து பாருங்கள் என்றார். ஆண்டியப்பன் மூடியைக் கழற்றினார். உள்ளே மணல் சுண்ணாம்பும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கட்டி கட்டியாக இறுகிக் கிடந்தது.

புது மணல் மூட்டைகளைச் செம்மல் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். திருவரங்குளம் ஸ்டாப்பில் கண்டக்டர் இறக்கிப் போட்டதை ஆண்டியப்பன் மொபெட்டில் வைத்துக் கொண்டுவந்தார். பழைய மணலை இருவரும் கொட்டாங்கச்சியால் சுரண்டி எடுத்தார்கள். அடியில் கை விரல் மாதிரி விரிந்திருக்கும் குழாய்கள் உடைந்துவிடக் கூடாது என்று செம்மல் எச்சரித்திருந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?" என்றார் ஆண்டியப்பன், கை வேலையை நிறுத்தாமல். "இம்புட்டுப் பாடுபட்டு அண்ணன எறக்கி, காலு வரலேன்னா?"

"வரலேன்னா வரல."

"ஒங்களுக்கு வருத்தமா இருக்காதா?"

சொர்ணம் மணலை அள்ளிப் போட்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியல ஆண்டியப்பன். அடி தெரியணும்னு அந்தத் தம்பி சொல்லுச்சு. அது வரைக்கும் செய்வோம்."

ஜெனிபர் போனில் அழுதாள். "எதுக்கும்மா அந்தத் தண்ணியோட மல்லுக்கட்டுறீங்க? நான் லீவு போட்டுட்டு வரவா?" என்றாள். வேண்டாம் என்றாள் சொர்ணம். மகள் அழுவது வெகு தூரத்தில் யாரோ பேசுவது போலக் காதில் விழுந்தது. அதை நினைத்துக் கொஞ்சம் பயந்தாள். பயமும் நிலைக்கவில்லை.

புது மணல் போட்ட பிறகு தண்ணீரின் வெள்ளை குறைந்து லேசான புகை மாதிரி ஆயிற்று. குப்பியில் நிறமும் சரியாக வந்தது. இப்போது படிகாரம் போடுங்கள் என்றார் செம்மல். "மொதவே போட்டேனே" என்றாள். "அப்ப தண்ணி அதுக்குத் தோதா இல்லக்கா. மருந்து தப்பில்ல, போட்ட நேரந்தான் தப்பு. கரைச்சு ஊத்திட்டு மோட்டார நிறுத்திருங்க. யாரும் தண்ணியத் தொடாதீங்க. எல்லாம் அடியில படிஞ்சிரும், அப்பறம் குழாய் வச்சு உறிஞ்சி வெளிய விட்டுருங்க."

மறுநாள் விடிந்ததும் பார்த்தாள். மேலே தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் வண்டல், கம்பளியை விரித்த மாதிரி. நீளக் கழியின் முனையில் உறிஞ்சுகிற தட்டைப் பொருத்தி, குழாயைச் செருகி, மோட்டாரைப் போட்டுவிட்டுத் தள்ளினாள். வீட்டைப் பெருக்குகிற வேகத்தில் தள்ளினாள். வண்டல் புகையாகக் கிளம்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே குளம் முழுக்கக் கலங்கிவிட்டது.

சொர்ணம் மோட்டாரை நிறுத்தினாள். கழியைச் சுவரில் சாய்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகியிருந்தது. ஜன்னலில் பங்கிராஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையைக் காற்றில் நீட்டி, மெல்ல, மிக மெல்ல இழுத்துக் காட்டினார். தூங்குகிற குழந்தையின் போர்வையைச் சரிசெய்கிற மாதிரி.

"சரிங்க" என்றாள்.

வண்டல் மறுபடி படிவதற்குக் காத்திருந்தார்கள். அடுத்த முறை அவர் காட்டிய மாதிரியே தள்ளினாள். ஒரு கோடு, பக்கத்தில் இன்னொரு கோடு. வண்டல் குழாய் வழியாக ரோட்டோர வாய்க்காலுக்குப் போனது. தட்டு போன வழியெல்லாம் நீல ஓடு தெரிந்தது. கடைசி மூலை முடிந்தபோது வெயில் ஏறியிருந்தது. தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்தது, அதற்கு மட்டும் போர்வெல்லிலிருந்து விட்டாள். ஆழப் பக்கத்து வடிகால் சல்லடையின் துளைகளைக்கூட மேலிருந்து எண்ணலாம் போல இருந்தது.

சந்தோஷம் வரும் என்று அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும். கரையில் நின்று காத்திருந்தும் பார்த்தாள். வரவில்லை. உலையில் அரிசி கிடப்பது ஞாபகம் வந்தது, உள்ளே போய்விட்டாள்.

டாக்டர் சம்மதித்திருந்தார். சந்தோஷ்குமார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பங்கிராசை உட்கார வைத்து, ஆண்டியப்பனும் அவனுமாகப் படி வழியாக இறக்கினார்கள். மார்பளவு தண்ணீர். வலது கால் தானாக மிதந்து மேலே வந்தது. பங்கிராஸ் மிரண்டு இடது கையால் பையனின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்கண்ணே, நான் பிடிச்சிருக்கேன். பாதத்தக் கீழ அழுத்துங்க. அழுத்துங்க. அக்கா, மேலருந்து பாருங்க, குதிங்கால் தரையில படுதா?"

சொர்ணம் குனிந்து பார்த்தாள். நீல ஓட்டின் மேல் அவருடைய வெளுத்த பாதம் தெளிவாகத் தெரிந்தது. விரல்கள் மடங்கியிருந்தன. பிறகு ஒவ்வொன்றாக விரிந்தன. குதிங்கால் இறங்கியது.

"படுது" என்றாள்.

பங்கிராஸ் நின்றார். பையன் பிடித்திருந்தான்தான், ஆனாலும் நின்றார்.

பிறகு வந்த வாரங்களில் தண்ணீருக்குள் சில எட்டு வைக்கிற அளவுக்குக் கால் வந்தது. தரையில் இன்னும் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. கை வரவில்லை. பேச்சும் வரவில்லை. சந்தோஷ்குமார் வராத நாட்களில், அவன் சொல்லிக் கொடுத்தபடி, ஆண்டியப்பனும் சொர்ணமும் காலையில் கொஞ்ச நேரம் இறக்குவார்கள். சொர்ணம் நைட்டியோடு கூடவே இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். அதற்குமுன் குப்பியில் தண்ணீர் எடுத்துப் பார்ப்பாள், வடிகட்டி முள்ளைப் பார்ப்பாள். அது பல் தேய்ப்பது போல ஆகிவிட்டது.

சித்திரை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு காலையில், நேரமாகியும் பங்கிராஸ் வெளியே வர மறுத்துவிட்டார். படிக்கட்டின் கம்பியை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

"வாங்க, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு."

"இந்தா."

"அங்க சாவிக்காக உக்காந்திருப்பாங்க. வாங்கன்னா."

அவர் கம்பியை விட்டுவிட்டு, இடது கையால் தண்ணீரை அள்ளி அவள் முகத்தில் அடித்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போயிற்று. சிரிக்கிறார்.

"என்ன நெனைச்சுக்கிட்டிருக்கீங்க நீங்க" என்று சொர்ணம் கத்தினாள். "எனக்குன்னு வேலை இல்லையா? இத்தன வருசம் அங்கிட்டு இருந்துட்டு, இங்கிட்டு வந்ததும் இதத் தோண்டி வச்சுட்டு, பொசுக்குன்னு விழுந்துட்டு, எல்லாத்தையும் எந்தலையில போட்டுட்டு. ஆசிட்ட மோந்து மோந்து எனக்கு இன்னும் தொண்டை கரகரங்குது. வெளையாட்டா இருக்கா ஒங்களுக்கு?"

தோப்பில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஆண்டியப்பன் நிமிர்ந்து பார்த்தார். பங்கிராஸ் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தார். சொர்ணத்துக்குத் தன் குரல் தோப்புக்குள் போய்க்கொண்டிருப்பது கேட்டது. கல்யாணமானதிலிருந்து அவள் அவரைத் திட்டியதே இல்லை. லீவில் வந்திருக்கிற மனிதரை எப்படித் திட்டுவது. ஊருக்கு வந்தவரை நல்லபடியாகக் கவனித்து அனுப்ப வேண்டும் என்றே இருந்துவிட்டாள்.

மூச்சு வாங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆண்டியப்பன், வாங்க இங்கிட்டு. தூக்குங்க" என்றாள்.

அவரைத் துடைத்து, உடை மாற்றி, நாற்காலியில் உட்கார வைத்தாள். வழக்கமாகச் செய்வதைவிடக் கொஞ்சம் வேகமாகத் தலையைத் துவட்டினாள். அவர் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது சமையல்கார அம்மா ஸ்டோர் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தார். சாவி சொர்ணத்திடம் இருந்தது.

"என்ன டீச்சர், இன்னிக்கு லேட்டு?"

"வீட்டுல சண்டை" என்றாள் சொர்ணம். பூட்டைத் திறந்து அரிசியை அளக்கத் தொடங்கினாள்.